புரொடியூசரை எப்போது கூப்பிடுவது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நம்ம தமிழ்ப் பையன்கள் ஆல்பம் போடும் முறையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். காவடி, புரட்டாசி, கல்யாணம் என்று வருடம் முழுக்க மேடையில் வாசிக்கிறார்கள். கொஞ்சம் பணம் சேர்ந்ததும் மணிக்கு இவ்வளவு ராண்ட் என்று ஒரு ஸ்டுடியோவைப் பிடித்து எல்லாவற்றையும் வாசித்துத் தள்ளிவிடுகிறார்கள். பதிவு செய்ததையெல்லாம் கலந்து சேர்க்கிற மிக்ஸிங் நேரத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றும்போதுதான் ஒருவர் மெதுவாகக் கேட்பார்: "ஒரு புரொடியூசரைக் கூப்பிடலாமா?" பணம் போடுகிறவரை அல்ல, பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்று வழிநடத்துகிறவரை.

அப்போது அவர் வந்து என்ன செய்வார்? பாவம், சத்தத்தைக் கூட்டுவார், குறைப்பார். புரொடியூசருக்குப் பாதி வேலை ரிகர்சல் நடக்கிற கராஜில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

டர்பன் சாட்ஸ்வொர்த் பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு குழு அப்படி ஒருவரை முன்கூட்டியே கூப்பிட்டது. முதல் நாள் அவர் வாயே திறக்கவில்லை. மறுமுறை கீபோர்டு வாசிக்கிற தம்பியிடம், "இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வாசி" என்றார். தம்பிக்கு மூஞ்சி தொங்கிவிட்டது. ஆனால் அவன் இடது கை வாசித்த அதே கீழ் ஸ்வரங்களைத்தான் பேஸ் கிதாரும் வாசித்துக்கொண்டிருந்தது. இரண்டும் மோதி ஒரே இரைச்சல். கை மடிக்குப் போனதும் பேஸ் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. ஸ்டுடியோக்காரர் இதைச் சொல்லமாட்டார். அவருக்கு மணிக்கணக்கில் காசு, தலையாட்டிவிட்டுப் போவார்.

அப்புறம் நாதஸ்வரம். அதன் சுருதி குழாயிலேயே இருக்கிறது, கிதார் மாதிரி முறுக்கித் திருத்த முடியாது. வாயில் வைத்து ஊதும் சீவாளியைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான். பாட்டை வேறு சுருதியில் போட்டு வைத்துவிட்டு, வித்வானை ஸ்டுடியோவுக்கு வரச்சொல்லி "கொஞ்சம் இறக்கி வாசிங்க அண்ணே" என்றால் அவர் எங்கே போவார்? நாதஸ்வரத்துக்குப் பாட்டையும் கீபோர்டையும் இழுத்து வருவதுதான் வழி. அதைக் கராஜிலேயே முடிவு செய்ய வேண்டும். தவிலுக்கும் இப்படித்தான். ஒரு பக்கம் கூடு மாட்டிய விரல், மறுபக்கம் கழி. இரண்டுக்கும் தனித்தனி மைக் வேண்டும். வேகம் மாறாமல் இருக்கக் காதில் டிக் டிக் என்று ஒலிக்கும் கிளிக்கைக் கேட்டு வாசிக்க வேண்டுமா, தவில்காரர் கையிலேயே காலப்பிரமாணத்தை, அதாவது வேகத்தை, விட்டுவிடலாமா என்பதையும் முன்னாலேயே பேசிவிட வேண்டும். கோயில் பாட்டுக்குக் கிளிக் வேண்டாம் என்பேன். சினிமா மெட்டுக்கு இருக்கட்டும்.

பீட்டில்ஸ் 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பத்துப் பாட்டுகளைப் பதிவு செய்த கதையைச் சொல்லி, "நாமும் ஒரே நாளில் முடிக்கலாம்" என்பவர்கள் உண்டு. பீட்டில்ஸ் அதற்கு முன் ஹாம்பர்க், லிவர்பூல் கிளப்புகளில் ராத்திரி ராத்திரியாக வாசித்துத் தேய்ந்தவர்கள். அதோடு, மெதுவாகப் போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டை வேகமாக்கச் சொல்ல ஜார்ஜ் மார்ட்டின் என்று ஒரு புரொடியூசர் இருந்தார்.

வாயை மூடிக்கொண்டு பதிவை ஓடவிடுவதும் ஒரு திறமைதான். 1939-ல் ஜோகன்னஸ்பர்க் காலோ ஸ்டுடியோவில் சாலமன் லிண்டா குழு 'எம்புபே' பாடியபோது புரொடியூசர் கிரிஃபித் மோட்சியெலோவா. மூன்றாவது டேக்கில், அதாவது மூன்றாம் முறை பாடிப் பதிவு செய்தபோது, லிண்டா உச்சஸ்தாயியில் தன் போக்குக்கு இழுத்த ஒரு மெட்டுதான் பின்னால் உலகமெங்கும் போனது. இரண்டு டேக் போதும் என்று நிறுத்தியிருந்தால் அது இல்லை.

நம் பாட்டுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பாடுகிற பிள்ளைகளில் பலர் வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துத்தான் பாடுகிறார்கள். புரொடியூசருக்கும் தமிழ் தெரியாது. 'பழம்' என்பது 'பலம்' ஆகிப் பதிவாகிவிடுகிறது, யாருக்கும் உறைப்பதில்லை. தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கிற ஓர் அக்காவோ மாமாவோ வரித்தாளோடு ஸ்டுடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், புரொடியூசர் பக்கத்தில் உட்காரட்டும். புரொடியூசருக்கு ராகம் பிடித்துப்போன டேக்கைக்கூட உச்சரிப்புக்காகத் தள்ளும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். சண்டை வரும். வரட்டும்.

பணம். மொத்தத் தொகையா, விற்பனையில் பங்கா? அமெரிக்க ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினி 1993-ல் நிர்வாணா என்ற ராக் குழுவின் ஆல்பத்தைப் பதிவு செய்தபோது ராயல்டி வேண்டாம், பிளம்பருக்குக் கொடுப்பதுபோல வேலைக்கான கூலியை மட்டும் கொடுங்கள் என்றார். நம்ம அளவுக்கு அதுவே சரி. பத்துப் பேர் கேட்கிற ஆல்பத்தில் சதவீதம் பேசி என்ன ஆகப்போகிறது?

ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். அதே லிண்டா உரிமையை 10 ஷில்லிங்குக்குக் கொடுத்துவிட்டு 1962-ல் ஏழையாகவே செத்தார். அவர் பிள்ளைகளுக்கு நியாயம் கிடைத்தது 2006-ல் தான், அதுவும் வழக்குப் போட்டு. அதனால் முதல் ரிகர்சலிலேயே ஒரு தாளை எடுங்கள். மெட்டு யாருடையது, வரி யாருடையது, மாஸ்டர் என்கிற மூலப் பதிவு யாரிடம் இருக்கும் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். புரொடியூசர் இடையிசையை மாற்றினார் என்பதற்காக அவர் இசையமைப்பாளர் ஆகிவிடமாட்டார். புது மெட்டே போட்டுக் கொடுத்தால் அவர் பெயரும் சேரத்தான் வேண்டும். தென்னாப்பிரிக்க இசை உரிமை அமைப்பான சாம்ரோவில் பாட்டைப் பதியும்போது இந்தத் தாளைப் பார்த்தே படிவத்தை நிரப்பலாம். திருப்புகழ் பாடினால் அருணகிரிநாதர் பெயருக்குப் பதில் உங்கள் பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள், ஐயா. அப்படியும் ஒரு சிடி பார்த்தேன்.