கூரை ஓட்டுக்குக் கண்ணாடிப் பெட்டி, வீட்டுக்குக் கடப்பாரை

சிவகங்கை மாவட்டத்துக் கீழடி அகழாய்வு என்றதும் எல்லாரும் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்து கீறிய பானை ஓடுகளைத்தான் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் அங்கே கிடைத்ததில் எனக்குப் பிடித்தது கூரை ஓடு. களிமண் ஈரமாக இருக்கும்போதே விரலால் இழுத்த பள்ளம் வரிவரியாகத் தெரியும். மழைத்தண்ணீர் அந்த வழியே வழிந்து இறங்கிவிடும். மேல்பக்கம் ஓட்டை போட்டு, கயிறோ நாரோ கோத்து மரச்சட்டத்தில் கட்டியிருக்கிறார்கள். அரசனின் பெயர் எதுவும் இல்லாத, வீடு கட்டத் தெரிந்த யாரோ ஒருவரின் விரல் தடம் அது.

அந்த ஓட்டுக்கெல்லாம் மரியாதை செய்ய 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்கள். 18 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. கட்டியது செட்டிநாட்டுப் பாணியில். நன்றாகவே இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் அதே சிவகங்கை மாவட்டத்தில் அசல் செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்து, பர்மா தேக்குத் தூணையும் வாசல் நிலையையும் தனித்தனியாக விற்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாணியைப் புதிதாகக் கட்டப் பணம் இருக்கிறது, நிற்கிற வீட்டில் ஒழுகும் கூரையை மாற்றத்தான் யாரிடமும் இல்லை.

விற்கிறவர்களைத் திட்டுவது சுலபம். ஒரு வீட்டுக்கு எத்தனை பங்காளிகள் என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தர் சென்னை, ஒருத்தர் சிங்கப்பூர். ஒரு வீதியில் நுழைந்து அடுத்த வீதியில் வெளியே வருகிற நீளம். முகப்பு, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு என்று ஓடு வேய்ந்த கூரை முழுக்கப் பராமரிக்க வேண்டும். அதைவிடக் கஷ்டம், சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் கிடைப்பது. சுண்ணாம்பைப் புளிக்க வைத்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்து கண்ணாடி மாதிரி தேய்த்து எடுக்கிற வேலை. சிமெண்ட் பூசினால் நாலு நாளில் முடிந்துவிடும், கூலியும் குறைவு. அப்புறம் யார் இதைக் கற்றுக்கொள்வார்கள்?

2014-லேயே உலகப் பாரம்பரியச் சின்னமாக்கப் பரிசீலிக்க யுனெஸ்கோ வைத்திருக்கிற உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் ஏறிவிட்டன. பட்டியலில் இருப்பதால் ஒரு ஓடும் மாற்றப்படுவதில்லை. சில வீடுகள் ஹோட்டலாகிப் பிழைத்தன, நல்லது. எல்லா வீட்டையும் ஹோட்டலாக்க முடியாதே. ஆள் குடியிருக்கிற வீட்டுக்குப் பழுதுபார்க்க மானியமோ குறைந்த வட்டிக் கடனோ கொடுங்கள். அரசே கட்டுகிற கட்டடங்களில் சுண்ணாம்பு வேலைக்குத் தனிக் கூலி நிர்ணயியுங்கள். வேலை தொடர்ந்து கிடைத்தால்தான் கொத்தனார் மகனும் கரண்டியைப் பிடிப்பான்.

இதைவிடச் செலவில்லாத ஒன்றும் உண்டு. இடிக்க அனுமதி கேட்டு வருகிற ஒவ்வொரு பழைய வீட்டையும், நாட்டு ஓடு போட்ட சின்ன வீடு உட்பட, முதலில் கட்டடக்கலை மாணவர்களை விட்டு அளந்து வரைபடம் எடுக்கச் சொல்லலாம். தோண்டிக் கிடைத்த சுவரைச் சென்டிமீட்டர் கணக்கில் பதிவு செய்கிறோம். நிற்கிற சுவருக்கும் அதைச் செய்தால் என்ன?