'பிரிக்காதீங்க' என்று யாரிடம் சொல்கிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை இணையவழிக் கூட்டத்தில் நடந்ததைப் பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். மறுபடி விளக்க எனக்குத் தெம்பில்லை. அமெரிக்கப் பெண்ணுரிமை வரலாறு என்று தலைப்பு. 1848 செனகா ஃபால்ஸ் பெண்ணுரிமை மாநாட்டில் தொடங்கி 1920 வாக்குரிமையில் முடித்தார்கள். நடுவில் ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயர்கூட இல்லை. ஏன் என்று கேட்டேன். "நிறத்தை அப்புறம் பேசலாம் தோழர், பெண்களைப் பிரிக்காதீங்க" என்று சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார் நெறியாளர்.

சரி, பிரித்தது யார்?

நீங்கள் தொடக்கம் என்று சொல்லும் 1848-க்கு 16 வருடம் முன்பே, 1832 செப்டம்பரில், பாஸ்டன் ஃபிராங்க்ளின் ஹாலில் மரியா ஸ்டீவர்ட் என்ற கறுப்பினப் பெண் பேசிவிட்டார். ஐந்து வயதில் பெற்றோரை இழந்து, ஒரு பாதிரியார் வீட்டில் வேலைக்கு விடப்பட்டவர். கணவர் இறந்ததும் வர வேண்டிய சொத்தையும் ஏமாற்றிப் பறித்துக்கொண்டார்கள். ஆணும் பெண்ணும் கலந்த சபையில் ஒரு பெண் மேடையேறுவதே தகாது என்றிருந்த காலம் அது. அங்கே நின்று அவர் சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் கேளுங்கள். சொந்தமாகத் தொழில் நடத்தும் பெண்களிடம் போய், எங்கள் பெண்களுக்கும் வேலை கொடுப்பீர்களா என்று கேட்டிருக்கிறார். தங்களுக்கு ஆட்சேபனையே இல்லையாம். ஆனால் அது வழக்கமில்லையாம், வாடிக்கையாளர்கள் போய்விடுவார்களாம்.

'எனக்கு ஆட்சேபனை இல்லை, ஆனா...' இந்த வாக்கியத்தை நான் நேரில் கேட்டிருக்கிறேன். ஒரு பெண்கள் அமைப்பில் இருந்தபோது, வேலையிடத்தில் கழிப்பறை வேண்டும் என்று கோரிக்கை மனு எழுதினோம். துப்புரவு வேலை செய்யும் பெண்களை அதே கழிப்பறைக்குள் விடுவதில்லை என்று நான் ஒரு வரி சேர்த்தேன். மூத்த அக்கா ஒருவர் பென்சிலால் அதன் மேல் ஒரு கோடு போட்டார். அழுத்தக்கூட இல்லை, அவ்வளவு மென்மையாக. "எனக்கு ஒண்ணுமில்லம்மா, மத்தவங்க கையெழுத்துப் போட மாட்டாங்க. அது வேற பிரச்சினை, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அந்த 'அப்புறம்' இன்னும் வரவில்லை.

வேற பிரச்சினையாம்! 1866 மே மாதம், நியூயார்க்கில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் கறுப்பினக் கவிஞர் பிரான்சிஸ் ஹார்ப்பர் பெண், நிறம் இரண்டையும் ஒரே மூச்சில் பேசினார். தன் கணவர் கடனோடு இறந்ததும் வெண்ணெய் எடுத்துப் பிழைத்த பால் ஜாடியையும் துணி துவைக்கும் தொட்டியையும்கூடத் தூக்கிப் போய்விட்டார்கள், கையில் மிஞ்சியது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடிதான் என்றார். அவருக்குப் பதில் நான் செத்திருந்தால் எவனாவது வந்து அவர் படுக்கையை விற்றிருப்பானா என்று கேட்டார். அதே பேச்சில்தான், தலைநகரிலிருந்து வரும் ரயிலில் தன்னைப் புகைபிடிக்கும் பெட்டியில் ஏற்றியதையும் சொன்னார். நீங்கள் உரிமைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் கொடுமைகளைப் பற்றிப் பேசுகிறேன் என்று எதிரே இருந்த வெள்ளைப் பெண்களிடமே சொன்னார். விதவையும் அவரேதான், கறுப்பினத்தவரும் அவரேதான். இதில் எங்கே போய்ப் பிரிப்பது?

உடனே ஒருவர் வருவார்: "1869-ல் அந்த ஹார்ப்பரே கறுப்பின ஆண்களுக்கு முதலில் வாக்குரிமை கிடைக்கட்டும் என்றாரே, அப்போது பெண்களை விட்டுக்கொடுத்தது யார்?" ஆமாம், சொன்னார். நாட்டால் ஒரு கேள்வியைத்தான் தாங்க முடியும் என்றால் நான் குறுக்கே ஒரு துரும்பும் போட மாட்டேன் என்றார். அதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அந்தப் பக்கம் வெள்ளைப் பெண்ணுரிமைத் தலைவர் எலிசபெத் கேடி ஸ்டாண்டன், படிப்பறிவில்லாத கறுப்பனும் குடியேறியும் நம் மாதிரிப் பெண்களுக்குச் சட்டம் போடுவதா என்று வசைப்பெயர் வைத்தே பேசிக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒரே தராசில் வைப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

"அந்தக் காலம் அப்படி." அந்தக் காலத்தில்தானே ஸ்டீவர்ட்டும் இருந்தார்?

"அக்கா, அடிமையா இருந்து விடுதலையான சோஜர்னர் ட்ரூத்தை எல்லாரும் கொண்டாடுறாங்களே?" கொண்டாடுகிறார்கள். 1851 ஆக்ரன் பெண்ணுரிமை மாநாட்டில் அவர் பேசிய உரை என்று மேடைக்கு மேடை ஒப்பிக்கும் வடிவம், 12 வருடம் கழித்து பிரான்சிஸ் கேஜ் என்ற வெள்ளைப் பெண்மணி எழுதியது. ட்ரூத் நியூயார்க் மாநிலத்தில் பிறந்து டச்சு பேசி வளர்ந்தவர். அவர் வாயில் அமெரிக்கத் தென்மாநிலக் கொச்சையைத் திணித்தார்கள். ஐந்து பிள்ளை பெற்றவரைப் பதின்மூன்று பெற்றவர் ஆக்கினார்கள். உரை நடந்த அடுத்த மாதமே ஒரு பத்திரிகையில் வந்த பதிவில், எல்லாரும் மேற்கோள் காட்டும் 'நான் பெண் இல்லையா?' என்ற அந்தப் புகழ்பெற்ற கேள்வியே கிடையாது. அவரைக் கொண்டாடவும் அவர் பேச்சை வேறொருவர் திருத்திக் கொடுக்க வேண்டியிருந்திருக்கிறது.

எனக்குக் கோபம் அதிகம் என்கிறார்கள். இருக்கட்டும். 1892-ல் கறுப்பின எழுத்தாளர் ஆனா ஜூலியா கூப்பர் எவ்வளவு நிதானமாக எழுதினார்! பெண் என்ற கேள்வியும் இனம் என்ற கேள்வியும் கறுப்பினப் பெண்ணை எதிர்கொள்கின்றன, இரண்டிலும் அவளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்று. அந்த நிதானத்துக்கு என்ன பலன்? 21 வருடம் கழித்து, 1913 மார்ச் 3 அன்று வாஷிங்டன் வாக்குரிமை ஊர்வலத்தில், தென்மாநில வெள்ளைப் பெண்கள் மனம் கோணக்கூடாது என்று கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார்கள். கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொன்ற லிஞ்சிங் கொலைகளை எழுதியதற்காக மெம்ஃபிஸில் தன் பத்திரிகை அலுவலகத்தையே இழந்தவரை! அவர் போகவில்லை. ஓரமாகக் காத்திருந்து, தன் இல்லினாய் மாநில அணி வந்ததும் நடுவில் புகுந்து அவர்களோடு நடந்தார்.

ஊர்வலத்தைப் பிரித்தது நடுவில் புகுந்த ஐடாவா, பின்னால் போகச் சொன்னவர்களா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அப்புறம் எனக்கு ஒற்றுமைப் பாடம் எடுக்கலாம்.