பத்து விநாடி ஞாபகம்

நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு வெள்ளை அறிக்கையை (புது நாணயம் விற்பவர்கள் வெளியிடும் திட்ட விளக்கம்) அனுப்பினார். தன் கணினியில் இருக்கும் கோப்பை மற்றவர்களோடு பகிர்பவர்களுக்கு டோக்கன், அதாவது விற்கக்கூடிய டிஜிட்டல் நாணயம், தரும் புதுத் திட்டமாம். "படிச்சுட்டுச் சொல்லுடா, கொஞ்சம் காசு போடலாமான்னு பார்க்கிறேன்." டோக்கனை யாருக்கு எவ்வளவு பிரிப்பது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. கேட்ட கோப்பு எப்படி வந்துசேரும் என்பதற்கு ஒரு படம், நாலு அம்புக்குறி. வாட்ஸப்பில் எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டது, இங்கே போடுகிறேன்.

எடுக்க எல்லாரும் வருவார்கள், கொடுக்க யாரும் வர மாட்டார்கள் என்ற தலைவலி பழையது. 2000-ல் நுடெல்லா என்ற கோப்புப் பகிர்வு வலையமைப்பை ஆராய்ந்த ஏடாரும் ஹூபர்மனும் பார்த்தது: கிட்டத்தட்ட 70% பேர் ஒரு கோப்பைக்கூடப் பகிரவில்லை. பந்தியில் உட்கார ஆள் உண்டு, பரிமாற ஆளில்லை. கசா என்ற இன்னொரு பகிர்வு மென்பொருள் இதற்கு மார்க் போட்டுப் பார்த்தது. நிறையப் பகிர்ந்தால் நிறைய மார்க், உச்சம் 1000. ஆனால் மார்க்கைச் சொல்வது அவரவர் கணினியில் இருக்கும் மென்பொருளேதான். கசா லைட் என்று திருத்திய பதிப்பு ஒன்று வந்தது. அதைப் போட்ட எல்லாருக்கும் 1000!

அதே சமயம் மோஜோ நேஷன் என்று ஒரு பகிர்வு வலையமைப்பு இருந்தது. கொடுத்தால் மோஜோ என்ற நாணயம் வரும், எடுத்தால் மோஜோ போகும். இன்றைய வெள்ளை அறிக்கைகளுக்குக் கொள்ளுத்தாத்தா. ரொம்ப நாள் நிற்கவில்லை. அங்கே வேலை பார்த்த பிராம் கோஹன் வெளியே வந்து 2001-ல் பிட்டோரண்ட் என்ற பகிர்வு முறையை வெளியிட்டார். அதில் நாணயமே கிடையாது. நாணயக் கடையில் வேலை பார்த்த மனுஷன் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் செய்தது, அதுதான் உலகம் முழுக்க ஓடியது.

உள்ளே நடப்பது ரொம்ப எளிது. கோப்பைத் துண்டு துண்டாக்கி, இருக்கும் துண்டை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். உங்கள் கணினி ஒரே நேரத்தில் வழக்கமாக நாலு பேருக்குத்தான் அனுப்பும். பத்து விநாடிக்கு ஒருமுறை, எனக்கு யார் வேகமாகத் தருகிறார்கள் என்று பார்த்து, தராதவனை நிறுத்திவிடும். முப்பது விநாடிக்கு ஒருமுறை முன்பின் தெரியாத ஒருத்தருக்குச் சும்மா ஒரு வாய்ப்பு. கையில் ஒரு துண்டும் இல்லாமல் வரும் புது ஆள் அதில்தான் தலையெடுப்பார். நேற்றுக் கொடுத்தது இன்று செல்லாது. சேர்த்து வைக்க முடியாது, விற்க முடியாது, விலை ஏறுகிறதா என்று ராத்திரி முழிக்க வேண்டாம். கூலி என்பது நீங்கள் கேட்ட அதே கோப்பு, கொஞ்சம் சீக்கிரமாக. ரேஷன் கடையில் ஒரு டோக்கன் தருவார்களே, சாமான் வாங்கியதும் செத்துப்போகும், அந்த ரகம்.

கணக்கு எழுதி வைத்தால் என்ன ஆகும் என்று தனியார் டிராக்கர்களில் (உறுப்பினர்கள் மட்டும் நுழையும் பிட்டோரண்ட் தளங்கள்) இருந்தவர்களைக் கேளுங்கள். அங்கே ரேஷியோ, அதாவது ஏற்றியதை இறக்கியதால் வகுத்தது, 1-க்குக் கீழே போனால் பயம். ஆனால் ஒருவர் ஏற்றியதுதான் இன்னொருவர் இறக்கியது. மொத்தமாகக் கூட்டினால் எப்போதும் 1தான். எல்லாரும் 1-க்கு மேலே இருக்க வழியே இல்லை! வேகமான சர்வரை வாடகைக்கு எடுத்தவன் முதலில் பாய்ந்து அள்ளிக்கொள்வான்; வீட்டு பிராட்பேண்ட்காரன் நாள் முழுக்கத் திறந்து வைத்தாலும் கேட்க நாதியில்லை. கடைசியில் நிர்வாகிகளே, "இன்று இறக்குவது கணக்கில் வராது" என்று சலுகை நாள் அறிவிப்பார்கள். நோட்டு அச்சடிப்பதற்கு வேறு பெயர்.

டிஸ்க்கில் இடம் தருபவர்களுக்கு நாணயம் தரும் ஃபைல்காயின் 2017-ல் 25 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. 2020 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. இடம் ஒதுக்கி வைத்ததற்கே நாணயம் என்றதும், டிஸ்க் டிஸ்க்காக யாருக்கும் வேண்டாத குப்பையை நிரப்பினார்கள். நிஜத் தரவுக்குப் பத்து மடங்கு மதிப்பு என்று ஒரு விதி இருந்தது. எது நிஜம் என்று சொல்ல மனிதர்களை உட்கார வைக்க வேண்டியதாயிற்று. பிட்டோரண்ட் நிறுவனத்தையே 2018-ல் ட்ரான் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தொடங்கிய ஜஸ்டின் சன் வாங்கினார். அடுத்த ஜனவரியில் பிட்டோரண்ட் பெயரிலேயே பிடிடி என்ற டோக்கன் 70 லட்சம் டாலருக்கு மேல், கால் மணி நேரத்துக்குள் விற்றுத் தீர்ந்தது. வாங்கியவர்களில் எத்தனை பேர் வேகமாகக் கோப்பு இறக்க வாங்கியிருப்பார்கள்? கோஹனும் சும்மா இருக்கவில்லை, சியா என்று காலி டிஸ்க்கை வைத்து ஒரு நாணயம் தொடங்கினார். 2021-ல் ஒரு ப்ளாட்டுக்கு (டிஸ்க்கை நிரப்பி வைக்கும் கோப்பு) சுமார் 100 ஜிபி, முழுக்க அர்த்தமில்லாத எண்கள். அது கோப்புப் பகிர்வுக்கானது அல்ல என்பது நியாயம்தான். ஆனாலும் பார்க்க மனசு கேட்கவில்லை.

பிட்டோரண்டிலும் ஓட்டை உண்டு. 2009-ல் ஹாஸ்டலில் ஒரு லினக்ஸ் டிவிடி (லினக்ஸ்தான், நம்புங்கள்) 99.1%-ல் நின்றுவிட்டது. மூன்று நாள். பியர்ஸ் (என்னைப் போல இறக்கிக்கொண்டிருப்பவர்கள்) பதினாலு பேர், அத்தனை பேரும் 99.1. எல்லாருக்கும் அதே துண்டுகள்தான் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி ஒன்றரைக்கு சீட்ஸ் (முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு தருபவர்கள்) 0 என்பது 1 ஆனது. ஐந்து நிமிடத்தில் எல்லாரும் 100. அந்த சீடருக்கு (தமிழில் எழுதினால் குருகுலத்து ஆள் மாதிரியே இருக்கிறார்) எங்களிடமிருந்து வாங்கிக்கொள்ள ஒன்றுமே இல்லை. முழுக் கோப்பும் அவரிடம் இருந்தது. பத்து விநாடிக் கணக்கில் அவருக்கு இடமே கிடையாது. டோக்கன் எங்காவது உதவும் என்றால் இவருக்குத்தான்.

நண்பா, உன் வெள்ளை அறிக்கையில் அவரைத் தேடிப் பார்த்தேன். பிரிப்பு அட்டவணையில் ஆரம்ப முதலீட்டாளர்களுக்கு முதல் வரிசை, ஆலோசகர்களுக்கு அடுத்தது. ராத்திரி ஒன்றரைக்கு வருபவருக்கு "சமூக வளர்ச்சி நிதி"யில் ஏதாவது இருக்கலாம்.