மிண்ட் போடுங்கள் என்று சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை நம் லினக்ஸ் குழுவில் நடந்த கூத்தை முழுவதும் திரும்ப எழுத எனக்குப் பொறுமை இல்லை. பார்த்தவர்கள் பார்த்தீர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், வீட்டுக் கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது, 11 ஏறாது என்கிறது, எந்த லினக்ஸ் போடலாம் என்று கேட்டார். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்; அதில் பல வகைகள் உண்டு. பழைய ஐ3, 4 ஜிபி ராம் என்பது வரை எழுதியிருந்தார். நம்மில் பலர் கேள்வி கேட்கும்போது இந்த விவரம்கூடத் தருவதில்லை. அவருக்குக் கிடைத்த முதல் பதில்: "ஆர்ச்." அடுத்தது: "ஜென்டூ", கூடவே சிரிக்கும் பொம்மை. இரண்டுமே கை தேர்ந்தவர்களுக்கான லினக்ஸ் வகைகள். மூன்றாமவர் பெரிய மனது பண்ணி, "முதலில் டெர்மினல் கற்றுக்கொண்டு வாருங்கள் அம்மா" என்றார், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் திரையை. எளிதான லினக்ஸ் வகையான மிண்ட் போடுங்கள் என்று எழுதிய எனக்கு 'விண்டோஸ் அடிமை' என்று பட்டம். மாலைக்குள் அந்த அம்மா பதிவையே நீக்கிவிட்டார்.

புதிதாக வருகிறவர் வீட்டுக் கணினிக்கு என்ன போடலாம் என்று கேட்டால், பதில் லினக்ஸ் மிண்ட். அவ்வளவுதான். அவர் கேட்டது தன் கணினிக்கு. உங்கள் கணினியில் என்ன ஓடுகிறது என்பதை அவர் கேட்கவே இல்லை.

அவர் ஏன் கேட்க வேண்டி வந்தது என்பதையாவது யோசித்தோமா? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், பட்டியலில் உள்ள பிராசஸர் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினி ஒரு தேதியில் 'பழையது' ஆகிவிட்டது. இப்படி வேறு வழியில்லாமல் நம் வாசலுக்கு வந்து நிற்பவர்கள் ஏராளம். இத்தனை வருடங்களாக "மக்கள் ஏன் கட்டற்ற மென்பொருளுக்கு (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் லினக்ஸ் போன்றவற்றுக்கு) வருவதில்லை" என்று கூட்டம் போட்டுப் புலம்பினோம். வந்தார்கள். விரட்டிவிட்டோம்.

என் சித்தப்பா கதையைச் சொல்கிறேன். போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணினியும் இதே வகை. மிண்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுக் கொடுத்தேன். 4 ஜிபிக்கு அதுதான் இலகுவாக ஓடும். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டு, வைஃபை வருகிறதா, ஒலி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் வன்தட்டில் கை வைத்தேன். ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தேன். சித்தப்பா உட்கார்ந்தார், இடது மூலையில் மெனுவைத் திறந்தார், ஃபயர்பாக்ஸில் செய்தித்தாள் படித்தார். எதுவும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி: "சீட்டு விளையாட்டு எங்கே தம்பி?" மென்பொருள் மேலாளரில் தேடி சாலிடேரைப் போட்டுக் கொடுத்தேன். முடிந்தது. வீட்டில் இருக்கும் சின்ன லேசர் பிரிண்டர் மட்டும் இன்றுவரை மசியவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் ஒருவர் வருவார்.

இனி ஆட்சேபங்கள். "மிண்ட்டே உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் மேல்தானே நிற்கிறது, அப்படியானால் உபுண்டுவையே போடலாமே?" போடலாம். சண்டை இல்லை. உபுண்டுவின் முகப்பு விண்டோஸிலிருந்து வருபவருக்குப் புதிதாக இருக்கும், மிண்ட்டின் முகப்பு இருக்காது. "ஃபோட்டோஷாப், டேலி ஓடாதே?" ஓடாது. அவை கட்டாயம் வேண்டும் என்பவர் மாற வேண்டாம். அந்த அம்மா இரண்டையும் கேட்கவில்லை. "2016-இல் மிண்ட்டின் இணையதளத்தையே உடைத்தார்களே?" உடைத்தார்கள். மறைக்காமல் உடனே அறிவித்தார்கள். அதற்குப் பிறகு எத்தனை பதிப்புகள் வந்துவிட்டன!

என்னை உண்மையில் சீண்டியது இன்னொன்று: "மிண்ட் வெறும் விண்டோஸ் நகல், அதைப் போட்டால் எதுவும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்." அறிஞர்களே, அவர் எதையும் கற்றுக்கொள்ள வரவில்லை. பேரப் பிள்ளைகளோடு வீடியோவில் பேசவும், மின்கட்டணம் கட்டவும், லிப்ரே ஆபிஸில் ஒரு கடிதம் தட்டவும் வந்தார். சாம்பாருக்குப் பருப்பு எவ்வளவு என்று கேட்டவரிடம் துவரை விதைக்கச் சொல்கிறீர்கள். மெனு விண்டோஸ் போல இருந்தால் சுதந்திரம் குறைந்துவிடுமா? உரிமம் மாறிவிடுமா? மூல நிரல் ஓடி ஒளிந்துகொள்ளுமா? பழகிய இடத்தில் பழகிய பொத்தான் இருப்பதை இழிவு என்று நினைப்பவர்கள் தங்கள் வீட்டு ஸ்விட்ச் போர்டைக் கூரையில் மாட்டிக்கொள்ளட்டும்.

ஆர்ச் மீது எனக்குப் பகை கிடையாது. அதன் விக்கியை, அதாவது இணைய உதவிப் பக்கங்களை, நானே அடிக்கடி படிக்கிறேன்; மிண்ட்டில் ஏதாவது மக்கர் செய்தால்கூட விடை அங்கேதான் கிடைக்கிறது. ஆனால் அதே விக்கி என்ன சொல்கிறது? இது தேர்ந்த பயனருக்கானது, அல்லது ஆவணங்களைப் படித்துத் தானே செய்துகொள்ளும் மனம் உள்ளவருக்கானது. உருவாக்கியவர்களே இவ்வளவு நேர்மையாகச் சொல்கிறார்கள், ரசிகர்களுக்குத்தான் அது போதவில்லை. ஆர்ச் இடைவிடாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்; சில நேரங்களில் புதுப்பிக்கும் முன் அறிவிப்பைப் படித்து நீங்களே கைவேலை செய்ய வேண்டும். மிண்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. ஏதாவது கெட்டுப்போனால் டைம்ஷிஃப்ட் என்ற கருவி கணினியை முந்தைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். எழுபதை நெருங்கும் ஒருவருக்கு இதில் எது வேண்டும் என்று யோசிக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். லினக்ஸின் மையக் கருவான கெர்னலை 1991-இல் எழுதத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பயன்படுத்துவது ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை. நிறுவ எளிதாக இருக்க வேண்டும், தன் வேலையைப் பார்க்க விட வேண்டும் என்பதே அவர் சொல்லும் காரணம். அவரையும் டெர்மினல் கற்றுக்கொண்டு வரச் சொல்லலாமா?

"நீங்கள் இவ்வளவு உணர்ச்சிவசப்பட வேண்டுமா" என்று உள்பெட்டியில் ஒரு நண்பர் கேட்டார். வேண்டும். இரவெல்லாம் உட்கார்ந்து மெனுக்களையும் பிழைச் செய்திகளையும் தமிழாக்கம் செய்கிறோம். அதற்கு நம் குழுவில் கிடைக்கும் வரவேற்பு தெரியுமல்லவா? "தமிழில் யார் ஐயா கணினியைப் பயன்படுத்துகிறார்கள்?" இதோ ஒருவர் வந்தார். நல்ல தமிழில், எழுத்துப்பிழை இல்லாமல் கேட்டார். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளே லினக்ஸில் படித்து வளர்கிறார்கள். இங்கே ஆசிரியை ஒருவர் தானாக முன்வந்தால் அவரைக் கிண்டல் செய்து அனுப்புகிறோம். அனுப்பிவிட்டு, அடுத்த கூட்டத்துக்குப் பத்துப் பேர்தான் வந்தார்கள் என்று வருத்தப்படுவோம்.

நிர்வாகிகள் இதுவரை வாய் திறக்கவில்லை. இரு தரப்பும் அமைதி காக்கவும் என்று ஒரு வரி மட்டும் போட்டார்கள். எந்த இரு தரப்பு? கேள்வி கேட்டவர் ஒரு தரப்பா? 'புதியவர்களை அன்போடு வரவேற்கிறோம்' என்று குழுவின் முகப்பில் இருக்கும் வாசகத்தையாவது இனி எடுத்துவிடுங்கள், கண்ணில் படும்போது கூச்சமாக இருக்கிறது.

இந்தப் பதிவின் கீழேயும் வருவீர்கள் என்று தெரியும். வாருங்கள். சித்தப்பாவின் பிரிண்டருக்கு யாரிடமாவது வழி இருந்தால் எழுதுங்கள். "ஆர்ச்சில் வேலை செய்யும்" என்பதைத் தவிர எதையும் படிக்கத் தயாராக இருக்கிறேன்.