ராஜா வந்தது கடைசியிலதான் சார்

நேத்து ராத்திரி, ரோம் எப்படி கிறிஸ்தவமாச்சுன்னு ஒரு ஆய்வாளர் பேசுன வீடியோவுக்கு கீழ நடந்த கூத்த பாதி பேர் பாத்திருப்பீங்க. "கான்ஸ்டன்டைன்னு ஒரு ராஜா ஒரே ஒரு கையெழுத்து போட்டான், மறுநாள் ரோம் பூரா கிறிஸ்தவமா மாறிடுச்சு", இதான் அந்த ஆய்வாளர் சாரோட கண்டுபிடிப்பு. நான் மரியாதையா ஒரே ஒரு கமெண்ட் போட்டேன். சார், 313-ல கான்ஸ்டன்டைனும் அவன்கூட சேர்ந்து ஆண்ட லிசினியஸும் சேர்ந்து மிலான்ல எடுத்தது மதமாற்ற முடிவு இல்ல, அவங்கவங்க சாமிய அவங்கவங்க கும்பிட்டுக்கலாம்ங்கற முடிவு, அரசு மதம்னு ஆனது 380-ல தியோடோசியஸ்ங்கற சக்கரவர்த்தி காலத்துல, அதுக்குள்ள கான்ஸ்டன்டைன் செத்து 43 வருஷம் ஓடிப்போச்சுன்னு. அவ்ளோதான் சொன்னேன். அதுக்கு வந்த பதில்கள்லயே வெளிய சொல்ற மாதிரி இருந்தது "சிஸ்டர், எவ்ளோ வாங்குனீங்க?" ஒண்ணுதான்.

இங்க என் ஃபேஸ்புக் சுவத்துல யாரும் என்னை பாதியில நிறுத்த முடியாதுங்கறதால முழுசா சொல்லிடறேன். ராஜா வந்து கூட்டம் சேரல. கூட்டம் ஏற்கனவே இருந்துச்சு, ராஜா கடைசியில வந்து சேர்ந்தான்.

112 வாக்குல இப்போ துருக்கி இருக்கற பக்கம் பிளினின்னு ஒரு கவர்னர், சக்கரவர்த்தி டிராஜனுக்கு லெட்டர் எழுதறாரு. இந்த கிறிஸ்தவங்க டவுன்ல மட்டும் இல்ல, கிராமத்துக்குள்ளயும் பரவிட்டாங்க, கோயில்கள் கிட்டத்தட்ட வெறிச்சோடிக் கெடந்துச்சு, என்ன பண்றதுன்னு. விசாரிக்கறேன்னு ரெண்டு அடிமைப் பொண்ணுங்கள சித்திரவதை பண்ணியிருக்காரு, அதையும் அவரே எழுதியிருக்காரு. அந்த பொண்ணுங்களுக்கு அந்த சபைக்குள்ள பொறுப்பு இருந்திருக்கு. அடிமை, அதுவும் பொம்பள, அவளுக்கு ஒரு பதவி! டிராஜன் பதில் என்ன தெரியுமா, தேடிப் போய் பிடிக்காத, பேர் போடாத மொட்டக் கடுதாசிய ஏத்துக்காத. (அந்த மனுஷன் இன்னைக்கு ஃபேஸ்புக்ல இருந்தா நல்லா இருக்கும், முகம் இல்லாத ஐடிய எல்லாம் தூக்கியிருப்பாரு.) கான்ஸ்டன்டைன் வர்றதுக்கு இருநூறு வருஷம் முன்னாடி சார் இது. எந்த வாள்ல மாத்துனாங்க? வாள் அந்தப் பக்கம்ல இருந்துச்சு?

அப்புறம் செல்சஸ்னு ஒருத்தர், 170-கள்ல, இவங்கள கிழிகிழின்னு கிழிச்சு எழுதுனாரு. அவரோட புகாரே என்னன்னா கம்பளி நெய்யறவன், செருப்பு தைக்கிறவன், துணி வெளுக்கறவன், இவனுங்கெல்லாம் மதம் பேச வந்துட்டானுங்கன்னு. இந்த மாதிரி பேச்ச நான் எங்கயோ கேட்டிருக்கேனே, சரி விடுங்க.

"அப்போ வாளே இல்லன்னு சொல்றியா?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. இல்லன்னு நான் எங்கங்க சொன்னேன்? 380-க்கு அப்புறம் இருந்துச்சு. 391, 392-ல தியோடோசியஸ் பலி கொடுக்கறதையும் கோயிலுக்குப் போறதையும் தடை பண்ணான், எகிப்து அலெக்சாந்திரியாவுல செராபிஸ் சாமியோட செராபியம் கோயில இடிச்சாங்க, 415-ல கணக்கும் தத்துவமும் சொல்லிக் குடுத்த ஹைப்பேஷியாங்கற பொம்பளைய அதே ஊர்ல ஒரு கிறிஸ்தவ கும்பல் கொன்னுச்சு. இதெல்லாம் நடந்துச்சு, அசிங்கம்தான். கான்ஸ்டன்டைன் காசு கொட்டுனதும் உண்மைதான், பாதிரிமாருக்கு சலுகை குடுத்தான், ரோம்ல பெரிய பெரிய சர்ச் கட்டுனான், அதனால கூட்டம் கூடுச்சு, ஆமா. ஆனா கூட்டமே இல்லாத இடத்துல எந்த ராஜாவும் போய் கொட்டகை போட மாட்டான். 311-ல கலேரியஸ்னு கிறிஸ்தவங்கள ரொம்ப கொடுமைப்படுத்துன ராஜா, சாகறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி, சரி இவங்கள விடுங்க, நமக்காகவும் அவங்க சாமிகிட்ட வேண்டிக்கட்டும்னு உத்தரவு போட்டான். அழிக்க முடியலன்னு ஒத்துக்கிட்டான்னுதானே அர்த்தம்?

சர்ச் பக்கத்துலருந்தும் ரெண்டு பேர் இன்பாக்ஸ்ல வந்து, முன்னூறு வருஷமும் தினமும் சிங்கத்துக்குப் போட்டாங்கன்னு எழுதுக்கான்னாங்க. எழுத மாட்டேன். தினமும் எல்லாம் போடல. பெரும்பாலும் அங்கங்க, அப்பப்போ நடந்தது. சாம்ராஜ்யம் முழுக்க நடந்ததுன்னா 250 வாக்குல டெசியஸ் ராஜா காலம், 257-ல வலேரியன், அப்புறம் 303-ல டயோக்ளீஷியன் ஆரம்பிச்சது. உங்களுக்கும் கோவம் வரும், வரட்டும்.

இந்த டெசியஸ் கதை எனக்கு நேத்துலருந்து மண்டைக்குள்ளயே சுத்துது. எல்லாரும் தேவர்களுக்கு பலி கொடுக்கணும், அதிகாரி முன்னாடி கொடுக்கணும், கொடுத்ததுக்கு சர்டிபிகேட் வாங்கணும்னு ஆணை. நம்ம விஏஓ ஆபீஸ் சான்றிதழ் மாதிரியே, பேர், ஊர், "நான் எப்பவுமே பலி கொடுத்துட்டுதான் வர்றேன், உங்க முன்னாடியும் கொடுத்தேன்", கீழ சாட்சி கையெழுத்து. எகிப்து மணல்ல பாப்பிரஸ்ல நிறைய கிடைச்சிருக்கு. நேத்து என்கிட்ட கேட்டதும் அதேதானங்க? "நீங்க எந்த மதம், முதல்ல அத சொல்லுங்க." எங்க வீட்ல கார்த்திகைக்கு விளக்கு ஏத்துவோம், ஆடியில கூழ் ஊத்துவோம். பாத்தீங்களா, சொல்ல வேண்டாம்னு நெனச்சே சொல்லிட்டேன், அந்த அளவுக்கு பயமுறுத்தி வெச்சிருக்கீங்க.

சரி, அப்போ ஏன்தான் பரவுச்சு? காரணம் நிறைய இருக்கு, ரோம் போட்ட ரோடு, கடல் வழி, எல்லா ஊர்லயும் பேசுன கிரேக்கம், ஊர் ஊரா இருந்த யூத ஜெபக்கூடங்கள், எல்லாம்தான். ஆனா எனக்கு முக்கியமா படறது ஒண்ணுதான், சீக்காளிய யார் தொட்டாங்கங்கறது. 3-ம் நூற்றாண்டு நடுவுல கொள்ளை நோய் வந்தப்போ அலெக்சாந்திரியா பிஷப் டியோனீசியஸ் எழுதறாரு, மத்தவங்க உயிர் இருக்கும்போதே சொந்தக்காரங்கள ரோட்ல தள்ளிட்டு ஓடுனாங்க, நம்மாளுங்க பக்கத்துல இருந்து பாத்தாங்க, பாத்து அவங்களும் செத்தாங்கன்னு. "அது அவங்க ஆளு எழுதுனது, அப்படித்தான் எழுதுவாரு"ம்பீங்க. நியாயம். அப்போ எதிரி எழுதுனத கேளுங்க. ஜூலியன், 361-லருந்து 363 வரைக்கும் சக்கரவர்த்தி, கிறிஸ்தவனா வளந்து அத உதறிட்டு பழைய தேவர்கள திரும்பக் கொண்டுவரப் பாத்தவன். அவனே தன்னோட பூசாரிக்கு எழுதறான், இந்த கலிலேயர்கள் (கிறிஸ்தவங்களத்தான் அப்படி சொல்றான்) அவங்க ஏழைங்கள மட்டுமில்லாம நம்ம ஏழைங்களையும் சேத்து பாத்துக்கறாங்க, நம்ம ஆளுங்களுக்கு நம்மகிட்டருந்து ஒரு உதவியும் இல்லங்கறது ஊருக்கே தெரியுது, நீயும் ஊர் ஊருக்கு சத்திரம் கட்டு, கோதுமையும் ஒயினும் நான் தர்றேன்னு. அதுக்கும் நூறு வருஷம் முன்னாடி 251 வாக்குல, ரோம் சபை ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல விதவைங்களுக்கும் இல்லாதவங்களுக்கும் சோறு போட்டுச்சுன்னு பிஷப் கொர்னேலியுஸ் கணக்கு சொல்றாரு. தடை பண்ணி வெச்ச மதம்ங்க அது அப்போ!

2021 மே மாசம், கொரோனா உச்சத்துல, எங்க சித்தப்பா போனது உங்கள்ல சிலருக்கு தெரியும். ஃபேமிலி குரூப்ல அழுவுற எமோஜி வரிசையா வந்துச்சு, ஆளு ஒருத்தரும் வரல. தூக்கறதுக்கு வந்த பசங்க யாரு, என்ன சாமின்னு எனக்கு இன்னைய வரைக்கும் தெரியாது, டீ குடிங்கப்பான்னேன், அதுக்குக்கூட நிக்காம அடுத்த வீட்டுக்குப் போயிட்டானுங்க. சித்தி இப்பவும் தன் பழைய சாமியத்தான் கும்பிடுது, யாரும் யாரையும் மாத்தல. ஆனா ஊர்ல அந்தப் பசங்கள பத்தி எவனாவது தப்பா ஒரு வார்த்தை பேசட்டும், சித்தி விளக்கமாத்த தூக்கிரும். நேத்து "விலை போன கும்பல்"னு கமெண்ட் போட்டதுல எங்க வீட்டு அண்ணன் ஒருத்தரும் உண்டு. அண்ணே, சித்தப்பாவுக்கு நீங்க போட்டது மூணு எமோஜி. நான் மறக்கல.

ஜெயிச்ச அப்புறம் இந்த கிறிஸ்தவங்களும் மாறிப் போனாங்க, அதுதான் எனக்கு தாங்கல. ரோம் செனட்ல வெற்றி தேவதையோட பலிபீடம் இருந்துச்சு, 382-ல அத எடுத்துட்டாங்க. 384-ல சிம்மாக்கஸ்னு ஒரு பெரியவர், பழைய மதத்துக்காரர், இளம் சக்கரவர்த்திக்கு கெஞ்சி எழுதறாரு, எல்லாரும் ஒரே நட்சத்திரங்களத்தான் பாக்குறோம், இவ்ளோ பெரிய ரகசியத்துக்கு ஒரே பாதையில போய்ச் சேர முடியாதுன்னு. மிலான் பிஷப் அம்புரோஸ் என்ன பண்ணாரு? பலிபீடத்த திரும்பக் குடுத்தீங்கன்னா நீங்க சர்ச்சுக்கு வரலாம், ஆனா உள்ள பாதிரி இருக்க மாட்டாருன்னு சக்கரவர்த்தியவே மிரட்டுனாரு. அப்போ பலிபீடம் திரும்ப வரல. 313-ல தனக்குக் கிடைச்சத எழுவது வருஷம் கழிச்சு அடுத்தவன் கேட்டப்போ குடுக்க மனசு வரல.

இத எழுதுனதுக்கு இன்பாக்ஸ் ஆளுங்களும் போயிருவாங்க, வீடியோ ஆளுங்க நேத்தே போயாச்சு. போங்க. கமெண்ட் திறந்துதான் இருக்கு, ஆனா பிளினி லெட்டர படிச்சிட்டு வாங்க, ரெண்டு பக்கம் கூட வராது.