தொளி உழவுக்கு டயர்ல தண்ணி வேண்டாம்
டிராக்டர் பின் டயர்ல வருஷம் பூரா முக்கால் அளவு தண்ணி இருந்தாத்தான் பிடிப்பு கிடைக்கும்னு ஒரு கட்டுரைல படிச்சேன், காஞ்ச மண்ணுல ஓட்டுற புழுதி உழவுக்கு அது சரிதான், ஆனா டெல்டா நஞ்சைல தண்ணி கட்டி சேறாக்குற தொளி உழவுக்கும் அதையே சொல்லாதீங்க. நாங்க மன்னார்குடி பக்கம், வண்டில 14.9-28 சைஸ் பின் டயர், முக்கால் நிரப்புனா ஒரு டயருக்கே ஏறக்குறைய 200 லிட்டர், ரெண்டும் சேத்து 400 கிலோ கூடிடும். கோடைல இறுகிப்போன மண்ணுல சட்டிக்கலப்பை (வட்டத் தட்டு வச்ச கலப்பை) போடுறப்ப அந்த எடை இல்லேன்னா சக்கரம் நின்ன எடத்துலயே சுத்தும், டீசலும் வீண் டயரும் தேயும். ஆனா அதே தண்ணியோட சம்பா தொளி உழவுக்கு வயல்ல எறக்கி அச்சு வரைக்கும் பொதைஞ்சு, இன்னொரு டிராக்டர் கொண்டாந்து இழுக்க அரை நாள் போச்சு, அடில இருந்த கெட்டி மண்ணும் உடைஞ்சு அந்த எடத்துல அடுத்த போகமும் வண்டி பொதைஞ்சுச்சு. இப்பல்லாம் நடவுக்கு முன்னாடி டயர் தண்ணிய எறக்கிட்டு கேஜ்வீல் (சேத்துல ஓட்டுற இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிடுறோம். டயர் தண்ணில உப்பு கலக்கணுமான்னு ஒருத்தர் கேட்டிருக்காரு, குளிர் நாடுகள்ல கால்சியம் குளோரைடு கலக்குறது முக்கியமா தண்ணி ஒறைஞ்சிடக் கூடாதுன்னு, நமக்கு அது தேவையே இல்லங்க, டியூப் கசிஞ்சா ரிம்ம அரிச்சிடும். சாதா தண்ணியே போதும், ஜாக்கி போட்டு தூக்கி வால்வு உச்சில இருக்குற மாதிரி வச்சு நிரப்புங்க, வால்வு மட்டத்துக்கு வந்ததும் நிறுத்திட்டு மிச்சத்துக்கு காத்து அடிங்க, முழுசா நிரப்புனா டயர் கல்லு மாதிரி ஆகி வரப்பு ஏறுறப்ப அதிர்ச்சியெல்லாம் அச்சுக்குத்தான் போகும்.