பாப்பாவை எத்தனை தடவைதான் கட்டுவீர்கள்?

‘அவதார்: தி வே ஆஃப் வாட்டர்’, 192 நிமிஷப் படம். லோட்ஷெடிங், அதான் முறை வைத்து கரண்டை நிறுத்துவது, படத்தில் வேறெங்கே வந்திருந்தாலும் மன்னித்திருக்கலாம். கப்பலில் நாயகனின் கடைக்குட்டி, அந்தப் பொடிசு டக்கை மறுபடி கட்டிப்போடும் இடத்தில்தானா வரணும்?

மறுபடி! பிள்ளைகளைக் காட்டில் பிடிப்பார்கள், தப்பிப்பார்கள். கடலில் பிடிப்பார்கள், தப்பிப்பார்கள், திரும்பவும் பிடிப்பார்கள். அந்தக் குழந்தையே அலுத்துக்கொள்கிறது. 2009-க்கும் 2022-க்கும் நடுவே 13 வருஷம் உட்கார்ந்து யோசித்த திரைக்கதையாம். வில்லனாவது புதுசா? முதல் ‘அவதார்’ல் நெஞ்சில் அம்பு வாங்கிச் செத்த குவாரிச்சையே நீல உடம்பில் ஊற்றிக் கொண்டுவந்துவிட்டார் கேமரூன்.

சரி, கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் வந்தது. எஸ்கலேட்டர் ஓடுது, பாப்கார்ன் மெஷின் ஓடுது. படம்? ஓடாது. சர்வருக்கு யுபிஎஸ் வைக்கவில்லை என்றால் அது முதலிலிருந்து பூட் ஆகணும், புரொஜெக்டரோடு இணையணும், படத்தின் டிஜிட்டல் சாவியைச் சரிபார்க்கணும். புரொஜெக்டரின் செனான் விளக்கு சூட்டோடு அணைந்துவிட்டதா, அது ஆறும்வரை தனியாக உட்காரணும். அவசரப்பட்டால் விளக்கின் ஆயுள் குறையும். லோட்ஷெடிங் அட்டவணை அப்போது ஜோஹானஸ்பர்க்கில் பச்சைக்குழந்தை ஃபோனில்கூட இருந்தது. தியேட்டர்காரருக்கு மட்டும் அது திடீர் விபத்து!

அப்புறம் பாப்கார்ன் கவுண்டர் தம்பி மேலே ஓடுவான். எங்கே நின்றது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எதுக்கும் இருக்கட்டும் என்று நன்றாகப் பின்னால் தள்ளி ஓட்டுவான். பிள்ளைகளை மறுபடி பிடிக்கிறார்கள். மறுபடி தப்பிக்கிறார்கள். டக்கை மறுபடி கட்டுகிறார்கள். யம்மா தாயே, உன் பொறுமையில் கால்வாசி எங்களுக்குக் கொடு.

படமே தன் பங்குக்கும் படுத்துகிறது. தண்ணீருக்கடியில் நொடிக்கு 48 ஃபிரேம், அவ்வளவு துல்லியம். வெளியே வந்து பேச ஆரம்பித்தால் 24. ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு தடவை காட்டி ஒப்பேற்றுகிறார்கள். 48-க்குப் பழகின கண்ணுக்கு அது திக்கும். ஒவ்வொரு திக்கலுக்கும் ‘போச்சுடா, கரண்ட்!’ என்று ஹாலே நிமிர்கிறது. நம் ஊரில் இதைப் போய் யாரிடம் விளக்க?

இருட்டு வேறு. திரை வெளிச்சத்தை ஃபுட்-லேம்பர்ட்டில் அளப்பார்கள்; 2டிக்கு 14 தரம். 3டி கண்ணாடி வழியாக 4 வந்தாலே கும்பிடலாம். கிழட்டு விளக்கென்றால் கதை நடக்கும் பண்டோராவில் அமாவாசைதான். இத்தனைக்கும் நடுவில் அந்தக் கடலும் திமிங்கிலம் மாதிரியான துல்கூனும் அழகாக இருந்து தொலைக்கின்றன. பாவி மனுஷன், தண்ணீரை மட்டும் குறை சொல்லவே விடமாட்டேன் என்கிறார்.

வெளியே வந்தால் லெனேசியா திருப்பத்தில் ரோபோ, அதான் டிராஃபிக் சிக்னல், செத்துக் கிடக்கு. ரோபோ அணைந்தால் நாலு பக்கமும் நின்று, முதலில் வந்தவர் முதலில் போகணும். சட்டம் அப்படி. மினிபஸ் டாக்ஸிக்காரர் எந்தப் பக்கம் எப்போது வந்தாலும் அவர்தானே முதலில் வந்தவர்!